அயனிக்கும் பனைக்கும் நடுவே ஒரு மலை

எங்கள் பகுதியைப் பற்றிய விநோதமான செய்திகளைச் சின்ன வயதிலிருந்தே மனதுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தேன். யாரிடமும் சொல்வதற்காக அல்ல. மழை விட்ட மதியங்களில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதற்காக.

முதலில் வருவது நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் தெய்வங்கள். யானை மேல் சரஸ்வதி, கூடவே குமாரகோவில் முருகன், பல்லக்கில் சுசீந்திரத்து நங்கை. களியக்காவிளை வந்ததும் தமிழ்நாட்டுப் போலீசார் ஒதுங்கிக்கொள்வார்கள், கேரளப் போலீசார் பொறுப்பேற்றுக்கொள்வார்கள். ராஜா காலத்தில் எல்லாம் ஒரே நாடு. பிறகு கோடு விழுந்தது. அந்தக் கோட்டைத் தெய்வங்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அமரவிளை செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்க, சரஸ்வதி மட்டும் நிற்காமல் போவதை நான் சாலையோரத்தில் தட்டம் ஏந்தி நின்ற அம்மாவின் இடுப்பிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பூவார்ப் பக்கம் தொடங்கும் கால்வாய். ஒரு தெய்வத்தின் பெயரும், வெள்ளைக்கார ராணியின் பெயரும், ராஜாவின் பெயரும் சேர்த்துக் கட்டிய பெயர் அதற்கு. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகிலேயே போய்விட வேண்டும் என்று வெட்டத் தொடங்கினார்களாம். கன்னியாகுமரிக்கு அது போய்ச் சேரவே இல்லை. வழியில் எங்கோ தண்ணீர் யோசித்து நின்றுவிட்டது. நெய்யாற்றின்கரைக் கோயிலில் நிற்கும் பலா மரமும் வரிசையில் உண்டு. ராஜா ஆவதற்கு முன்னால் ஒருவர் எதிரிகளிடமிருந்து தப்பி அதன் பொந்துக்குள் ஒளிந்திருந்தார் என்பார்கள். ஒரு நாட்டின் வருங்காலம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பலா மரத்துக்குள் நின்றிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கும்.

இவையெல்லாம் எங்காவது எழுதி வைக்கப்பட்டவை. வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது மட்டும் எதிலும் இல்லை. அது எங்கள் வீட்டைப் பற்றியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரைக்கும் அப்படி ஒன்று இருப்பது எங்களுக்கே தெரியாது.

திருப்புறத்துக்கும் பூவாருக்கும் இடையில், ஒரு மேட்டு விளையில், அதாவது தோப்பில், எங்கள் வீடு. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. சரிவெல்லாம் தென்னந்தலைகள்; அவற்றுக்கு மேலே வெறும் வெளிச்சம். காற்று தெற்கிலிருந்து அடிக்கும் நாட்களில் இரைச்சல் மட்டும் கேட்கும், பக்கத்து அறையில் யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல. வீட்டில் மூன்று பேர். அப்பா நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அம்மா வீட்டையும் விளையையும் பார்த்துக்கொண்டாள். ஒரே மகளான நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். படித்த பாடங்களிலெல்லாம் எனக்குப் பிடித்தது சர்வே. ஒரு கோடு மட்டும் தெரிந்தால் நீ எங்கே நிற்கிறாய் என்று சொல்ல முடியாது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நீ இருக்கிறாய். அந்தப் பாடத்தை முதல்முறை கேட்டபோது அது கட்டடம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு மரங்கள் இருந்தன. ஒன்று பெரிய அயனி, பலா இனத்துக் காட்டு மரம். கைகோத்துச் சுற்ற இரண்டு பேர் வேண்டும். சற்றுத் தள்ளி ஒற்றைப் பனை. அயனி எங்கள் வீட்டின் பெருமை. பனையை யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

அந்த வருடம் அப்பா ஓர் அறையைக் கூட்டிக் கட்ட நினைத்தார். கதவுக்கும் ஜன்னலுக்கும் அயனியை வெட்டிவிடலாம் என்று முடிவானது. மரம் வெட்டுகிறவர்கள் வந்து கயிறு போட்டு அளந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் படலைத் தாண்டும்போது எதிரே மீன்காரக்கா வந்தாள்.

பூவார்க் கடற்கரையிலிருந்து தலையில் அலுமினியச் சருவத்தோடு எங்கள் மேட்டுக்கு ஏறி வருகிறவள் அவள். வீட்டுக்காரர் சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். மற்றவர்கள் சாளையும் நெத்தோலியும் கொண்டுவரும் நாட்களில் அவள் சருவத்தில் மட்டும் கலவா இருக்கும், தடித்த உதடும் புள்ளி போட்ட உடம்புமாக. அது பாறையில் வாழும் மீன். எங்கே பிடித்தது என்று அம்மா கேட்டால், “கடல்லதான் எக்கா, வேற எங்க?” என்பாள்.

அன்று சருவத்தை இறக்கி வைத்ததும் அவள் மீனைப் பற்றிப் பேசவில்லை.

“அவிய எதுக்கு வந்தாவ?”

“அயனிய வெட்டப் போறோம்” என்றாள் அம்மா.

மீன்காரக்கா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். “அத வெட்டப்பிடாது எக்கா.”

“ஏன்?”

“நெறைய கிளி இருக்கு.”

அம்மாவுக்குச் சிரிப்பு. “நீ எப்ப இருந்து கிளிக்காரி ஆன?”

அடுத்தமுறை வந்தபோது வேறு காரணம் சொன்னாள். தன் மகனுக்குக் காய்ச்சல் கண்ட சமயம் இந்த மரத்தடியில் உட்கார்ந்து மாதாவிடம் வேண்டிக்கொண்டாளாம். அதற்கடுத்த முறை, இந்த நிழல் போனால் சருவத்தை எங்கே இறக்குவேன் என்றாள். பிறகு, அயனிச் சக்கை தன் பிள்ளைகளுக்கு உயிர் என்றாள். நான் அவற்றை மனதுக்குள் அடுக்கினேன்: கிளி, மாதா, நிழல், பழம். நான்குமே நல்ல காரணங்கள். நான்கையும் அவள் நம்பிச் சொன்னதாகத் தோன்றவில்லை. கேட்கும்போதெல்லாம் அவளுடைய கண்கள் மட்டும் வேறு எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தன.

“இந்தப் பெண்ணுக்கு என்னமோ இருக்கு” என்றாள் அம்மா.

அந்த என்னமோ ஒரு சாயங்காலம் நேரிலேயே வந்தது. வெள்ளை வேட்டியும் தோளில் தோர்த்துத் துண்டுமாக ஒருவர் படலுக்கு வெளியே நின்றார். பின்னால் மீன்காரக்கா. அவளுடைய வீட்டுக்காரரை அன்றுதான் முதல்முறை பார்த்தோம்.

“வாரும் ஓய், உள்ள வந்து இரியும்” என்றார் அப்பா.

அவர் உட்காரவில்லை. அப்பாவைத் தனியாக மரத்தடிக்கு அழைத்துப் போனார். அடுக்களை ஜன்னல் அந்தப் பக்கம்தான். நானும் அம்மாவும் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டோம்.

“சாரே, இந்த மரம் எனக்கு ஒரு அடையாளமாக்கும்” என்றார். “கடலுக்கடியில ஒரு பாரு உண்டு. பாறை மேடு. எங்க அப்பன் கண்டுபிடிச்சது. தண்ணிக்கு மேல ஒண்ணும் தெரியாது. கரையில இருக்கிற மரத்தையும் மலையையும் கோயிலையும் வச்சுத்தான் அங்க போய்ச் சேரணும். கணிச்சம்னு சொல்லுவோம். இது போச்சுன்னா பாரும் போச்சு.”

அப்பா மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “இத அவ முதல்லயே சொல்லியிருக்கலாமே ஓய்.”

“எப்படிச் சொல்லுவா? நான் சொல்லப்பிடாதுன்னு சொல்லியிருக்கேன். எங்க ஊருல யாருக்காவது இந்த மரம்னு தெரிஞ்சா அடுத்த நாளு எல்லா வள்ளமும் அங்க நிக்கும். ஒரு பாருன்னா எவ்வளவு மீனு இருக்கும் சாரே? ஒரு குடும்பத்துக்குக் காணும். ஊருக்குக் காணாது.”

பிள்ளைகளைப் படிக்க வைத்தது, வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கியது எல்லாம் அந்தப் பாருதான் என்றார். அப்பா உடனே வாக்குக் கொடுத்துவிட்டார். அயனி நிற்கும். யாரிடமும் மூச்சு விடமாட்டோம். போகும்போது அந்த மனிதர் மரத்தைத் தொடவில்லை; பக்கத்தில் வந்துவிட்ட பெரிய மனிதரைப் பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று முதல் எங்கள் வீடு எனக்கு வேறாகிவிட்டது. எங்களுக்குக் கடல் தெரியாது; ஆனால் கடலிலிருந்து யாரோ தினமும் எங்கள் மேட்டைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துணி காயப்போடும்போது முதுகில் அந்தப் பார்வை இருப்பதுபோல இருந்தது. தெய்வங்களும் ராஜாக்களும் கடந்துபோன பாதையில் எங்கள் வீட்டுக்குச் சம்பந்தமே கிடையாது என்று நினைத்திருந்தேன். தண்ணீருக்குள் இருக்கும் ஒரு மலைக்கு நாங்கள்தான் முகவரி.

கதவுக்கான பலகையை அப்பா வெளியில் வாங்கினார். கூரையில் ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் வேண்டுமே, அதற்கு மட்டும் வீட்டு மரமாக இருக்கட்டும் என்று பனையை வெட்டச் சொன்னார்.

பனை விழுந்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவு உயரமானது அவ்வளவு குறைந்த சத்தத்தில் விழுந்தது. வானத்தில் ஒரு கீறல் அழிந்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மீன்காரக்கா கொஞ்ச நாள் வரவில்லை. வந்தபோது சருவத்தில் சாளை மட்டும்.

“கலவா இல்லியா?” என்றாள் அம்மா.

“இல்ல.”

அடுத்த முறையும் சாளை. அதுவும் கரையில் மற்றவர்களிடம் வாங்கி விற்கும் சாளை. மூன்றாவது முறை அம்மா, “என்ன பெண்ணே, உங்க வீட்டுக்காரருக்குச் சுகமில்லியா?” என்று கேட்டதும் அவள் சருவத்தைப் பொத்தென்று வைத்தாள்.

“பனைய யாரு எக்கா வெட்டச் சொன்னது?”

அம்மா திகைத்துப் போனாள். “நீங்க அயனியத்தானே சொன்னிய? அது நிக்குதே!”

“நிக்குது, நிக்குது. அது மட்டும் நின்னு என்னத்துக்கு? அயனிக்கும் பனைக்கும் நடுவுல ஒரு சந்து உண்டும் எக்கா. அந்தச் சந்துக்குள்ள மலை வந்து உக்காரணும். அதாக்கும் கணிச்சம்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அவியட்ட நான் சொன்னேன்னு சொல்லிராதிய. என்னக் கொன்னு போடுவாவ.”

அவளுடைய வீட்டுக்காரர் பாதிதான் சொல்லியிருந்தார். முழுக் கணிச்சத்தையும் கடலிலும் சொல்லமாட்டார்கள், கரையிலும் சொல்லமாட்டார்கள். அயனி நிற்கும் என்று வாக்கு வாங்கிவிட்டால் போதும், பனையை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே அப்பா பனையைத் தொட்டார்.

அப்பா சாயங்காலம் வந்து விஷயம் தெரிந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அம்மா, “உமக்கு எப்படித் தெரியும்? அவியதானே சொல்லல” என்றாள்.

நான் முற்றத்து மணலில் ஈர்க்கினால் கோடு போட்டேன். இங்கே அயனி, இங்கே பனை, அங்கே பின்னால் மலை, இந்தப் பக்கம் கடல். மலையிலிருந்து சந்து வழியாக ஒரு கோடு இழுத்தால் அது கடலுக்குள் போகும். அந்தக் கோட்டின் மேல் எங்கோ பாரு. எங்கே என்று சொல்ல இன்னொரு கோடு வேண்டும், அது எங்கள் விளையில் இல்லை. ஆனால் இந்தக் கோடு எங்களுடையது. பனையின் கட்டை இன்னும் மண்ணில் இருந்தது. அது நின்ற இடம் தொலையவில்லை. உயரம் மட்டும்தான் தொலைந்திருந்தது.

“அங்க ஒரு கம்பம் நட்டா போதும்” என்றேன்.

மறுநாள் செய்தி சொல்லி மீன்காரக்காவின் வீட்டுக்காரரை வரவழைத்தோம். மீன்காரக்கா மேல் பழி வராதபடி, நானே மரங்களைப் பார்த்து ஊகித்ததாக அம்மா சொல்லிவிட்டாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், மனைவியை ஒரு பார்வை பார்த்தார். இருவரும் சருவத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கம்பம் என்றதும் தலையை ஆட்டினார். “நடக்காது மக்கா. புதுசா ஒரு கம்பம் எழும்பினா கடல்ல இருக்கிற அத்தன பேரும் கேப்பான், அது என்னலே, எதுக்கு நாட்டியிருக்குன்னு. மரத்த யாரும் கேக்கமாட்டான். கம்பத்தக் கேப்பான். பிறவு நான் எங்க நிக்கேன்னு நோக்குவான். அதுக்குப் பாரு தொலஞ்சே கெடக்கட்டும்.”

பாரு இல்லாவிட்டால் அவர் மற்ற வள்ளங்களோடு சாளைக்கு ஓட வேண்டும். கம்பம் வந்தால் மற்ற வள்ளங்கள் அவர் பாருக்கு ஓடி வரும். அப்பா மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள்:

“டீவி ஆன்டெனான்னு சொன்னா?”

எல்லைப் பக்கத்து ஊர்களில் அந்தக் காலத்தில் இது யாருக்கும் விளக்கம் தேவையில்லாத காரணம். திருவனந்தபுரம் நிலையம் மலையாளத்தில் கண்ணாடிபோலத் தெரியும். தமிழ் வேண்டுமென்றால் ஆன்டெனாவைக் கொடைக்கானல் திசைக்குத் திருப்பி, முடிந்த மட்டும் உயரத் தூக்க வேண்டும். ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒருவராவது வெள்ளிக்கிழமை பாட்டுக்காகக் கூரைமேல் ஏறி, “இப்ப தெரியுதா? இப்ப?” என்று கத்திக்கொண்டிருந்த காலம்.

வள்ளக்காரர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். “உங்களுக்குத் தமிழ்ப் படத்துல அவ்வளவு பிரியமோ?” என்றார் அம்மாவிடம்.

“நல்ல பிரியமாக்கும். இவியதான் ஏறித் திருப்ப மாட்டாவ.”

இரண்டு கமுகுத் தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினோம். உச்சியில் இரும்புக் குழாய், அதில் ஆன்டெனா. கம்பம் ஒல்லி, கடலிலிருந்து கண்ணுக்குப் படாது என்றார் அவர். அதனால் கடவம் என்னும் பெரிய ஓலைக்கூடைகள் இரண்டை வாயோடு வாய் வைத்துத் தைத்து, வள்ளத்தின் அடியில் பூசும் கறுப்பு எண்ணெயைப் பூசி, குழாயில் கோத்தோம். அதற்கும் காரணம் தயாராக இருந்தது. புது அறை எழும்புகிறது, கண் படாமலிருக்க. நாலு பக்கமும் இழுகம்பி கட்டும் வேலை என்னுடையது. கம்பிகள் எந்தச் சாய்வில் இறங்க வேண்டும், முளைகள் எவ்வளவு தள்ளி வேண்டும் என்று கணக்குப் பார்த்து அடித்தேன்.

சாலையில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள்.

“எலே, இதுல மெட்ராசு மட்டுமா தெரியும், மெட்ராசுல இருக்கவனுக்கு உங்க வீடும் தெரியுமே!”

“கறுப்பா என்னது அது? யானை முட்டையா?”

“நீங்க பாத்து முடிச்ச படத்த எங்க வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்புங்க கேட்டியளா.”

அப்பா எல்லாவற்றுக்கும் சிரித்தார். தமிழும் வந்தது, மழை பெய்கிற தமிழ். உருவங்கள் வெள்ளைப் புள்ளிகளுக்குள் நடமாடின. அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து ஊருக்குச் சாட்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் கலவா வரவில்லை.

“கோடு கிட்டத்தட்ட வருது” என்றார் அவர், திரும்ப வந்தபோது. “ஆனா இறுக்கம் இல்ல. முன்னால மலை அந்தச் சந்துல கச்சிதமா உக்காரும், ரெண்டு பக்கமும் உரசிட்டு. இப்ப வளந்த புள்ளைக்குன்னு தைச்ச சட்ட மாதிரி லூசாக் கெடக்கு. நான் இங்கயும் போறேன், அங்கயும் போறேன், மலை உள்ளதான் நிக்குது. ஈயக்குண்ட எறக்கி எறக்கிக் கை போச்சு. ஒரு தடவ கல்லுல தட்டிச்சு. மறுநாளு போனா மணலு.” பிறகு என்னைப் பார்த்தார். “எவ்வளவு லூசுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. நீ வந்து பாத்தா உனக்குத் தெரியுமா?”

அம்மா வேண்டாம் என்றாள். பெண்கள் வள்ளத்தில் போகும் வழக்கம் அவர்கள் கரையில் கிடையாது. “ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகப்பிடாது, அது சபையோட கட்டுப்பாடு” என்றார் அவர். “அன்னைக்குக் கடல்ல ஒரு ஆளு இருக்கமாட்டான். வலையும் தூண்டிலும் இல்லாம, காயலச் சுத்திக் காட்டக் கொண்டு போறேன்னு சொல்லிக்கலாம். வெளியூர்க்காரங்க எல்லாம் இப்ப வந்து சுத்துறாவளே.”

அப்பா கூட வருவதாகச் சொன்னார். மீன்காரக்கா தானும் வருவேன் என்றாள். “இத்தன வருசம் அந்தப் பாரு மீன வித்திருக்கேன். நானும் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்.”

பூசை முடிந்து ஊர் சோற்றுக்கு உட்கார்ந்த நேரத்தில் புறப்பட்டோம். நெய்யாறு கடலைச் சேரும் இடத்தில் தண்ணீர் பச்சையாக, அசைவே இல்லாமல் கிடந்தது. மணல் திட்டைத் தாண்டியதும் வள்ளம் ஒருமுறை தூக்கிப் போட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார், பிறகு திறக்கவே இல்லை. எஞ்சின் சத்தம் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை.

கரையை விட்டுப் போகப் போக என்ன நடக்கும் என்று எனக்குப் பாடத்தில் தெரியும். கண்ணால் பார்த்தது அன்றுதான். முதலில் மனிதர்கள் போனார்கள். பிறகு மணலில் கிடந்த வள்ளங்கள், பிறகு வீடுகள். தென்னைகள் சேர்ந்து ஒரு பச்சைக் கோடாயின. நாங்கள் விலகிப் போகப் போக, அந்தக் கோட்டுக்குப் பின்னால் மலைகள் எழுந்து வந்தன, யாரோ பின்னாலிருந்து மெல்லத் தூக்கிப் பிடிப்பதுபோல. கரையில் நிற்கும்போது இல்லாத மலைகள். பாறசாலையும் அமரவிளையும், எல்லைக் கோடும், நான் பஸ் பிடித்த இடங்களும் எல்லாம் அந்த மெல்லிய பச்சைக்குள் மடங்கிப் போயிருந்தன. எது கேரளம், எது தமிழ்நாடு என்று அங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. கடற்கரைக்காரர்கள் பார்க்கிற நாடு இதுதான். மலைகளும் மரத் தலைகளும் கோபுரங்களும் மட்டும் உள்ள நாடு.

“அங்க பாரு மக்கா” என்றார் அவர்.

பச்சைக் கோட்டுக்கு மேலே சிறிய கறுப்புக் கொண்டை ஒன்று. அதுதான் எங்கள் அயனி. பக்கத்தில் ஒரு புள்ளி. என் கையால் எண்ணெய் பூசிய கடவம். இரண்டுக்கும் நடுவே, நீலப் புகைபோல, ஒரு மலை. எந்த மலை என்று இங்கே எழுதப் போவதில்லை. அயனி எந்தப் பக்கம் என்பதையும் எழுதவில்லை.

மீன்காரக்கா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். “இம்புட்டுத்தானா?” என்றாள். பிறகு, குரல் இறங்கி, “இம்புட்ட வச்சா நாம பொழச்சோம்?”

அவர் எஞ்சினை நிறுத்தினார். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கினார், இழுத்தார், வள்ளத்தைத் துடுப்பால் நகர்த்தினார், மறுபடி இறக்கினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கயிறு அவர் விரலில் சட்டென்று தளர்ந்த ஒரு முறை, அவர் தலையை நிமிர்த்தாமலே, “கல்லு” என்றார்.

நாங்கள் பாருக்கு மேலே இருந்தோம். கீழே எதுவும் தெரியவில்லை. தண்ணீர் மற்ற இடத்துத் தண்ணீர் போலவே இருந்தது.

கையை நீட்டி, ஒரு ஈர்க்கைக் கிடையாகப் பிடித்து, மலையின் அகலத்தை நகத்தால் அடையாளப்படுத்தினேன். பிறகு சந்தின் அகலம். அவர் சொன்னது சரி. ஒரு பக்கம் மலை அயனியை உரசிக்கொண்டு நின்றது. மறுபக்கம் வெறும் ஆகாயம் மிச்சமிருந்தது. ஏன் என்றும் புரிந்தது. அவர்கள் பார்த்தது பனையின் தடியை அல்ல, விரிந்த பனந்தலையின் ஓரத்தை. நாங்கள் தடி நின்ற இடத்தில் கம்பம் நட்டிருந்தோம். தலையின் அகலம் எங்களோடு வரவில்லை. அயனிக்கும் கட்டைக்கும் உள்ள தூரத்தை நிலத்தில் டேப் வைத்து அளந்திருந்தேன். ஈர்க்கின் அடையாளங்களை வைத்துக்கொண்டு, கம்பம் அயனிப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று மனக்கணக்காகவே போட முடிந்தது.

“தெரிஞ்சிட்டு” என்றேன்.

“தெரிஞ்சிட்டா? அப்ப சரி.” அவர் எழுந்து நின்றார். குரல் மாறியிருந்தது. “இனி அந்தப் பக்கம் திரும்பாத மக்கா. நான் வள்ளத்தத் திருப்புதேன்.”

எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. இரண்டாவது கோடு எங்கோ கரையோரமாக இருந்தது. ஒரு கோயில் கோபுரமும் அதன் பின்னால் ஒன்றும் சேர்ந்து நிற்கும் ஓரிடமாக இருக்கலாம். தலையை ஒருமுறை திருப்பினால் போதும், எனக்கு அது தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்துவிட்டு மறக்க என்னால் முடியாது என்பதும் தெரியும். அவருடைய அப்பா கண்டுபிடித்து, அவருக்கு மட்டும் காட்டியது.

மீன்காரக்கா யோசிக்காமல் ஒரு காரியம் செய்தாள். தன் தோளிலிருந்த தோர்த்தை எடுத்து என் தலைமேல் போட்டு முகத்தை மூடிவிட்டாள். “உன் படிச்ச கண்ணு சும்மா இருக்காது” என்றாள். தனக்கும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “எனக்கும் வேண்டாம். எனக்கு மீனு வந்தா போரும்.”

“நானும் கண்ண மூடிட்டுத்தான் இருக்கேன்” என்றார் அப்பா, வள்ளத்தின் அடியிலிருந்து.

தோர்த்துக்குள் வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. உப்பும் மீனும் சோப்பும் கலந்த வாசனை. இழைகளுக்கு இடையே சின்னச் சின்ன ஓட்டைகள். நெருங்கிப் பார்த்தால் வெளியே தெரியும். நான் தோர்த்துக்குள்ளும் கண்ணை மூடிக்கொண்டேன். வள்ளம் மெல்லச் சுற்றியது. வெயில் ஒரு கன்னத்திலிருந்து முதுகுக்கும், முதுகிலிருந்து அடுத்த கன்னத்துக்கும் நகர்ந்தது. எந்தக் கணத்தில் அந்தக் கோபுரம் என் முகத்துக்கு நேரே இருந்தது என்று தெரியாது. எனக்குக் கீழே, யாரும் பார்த்திராத ஒரு மேடு இருந்தது என்பது மட்டும் தெரியும். அதன் இடுக்குகளில் கலவாக்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். எஞ்சின் உயிர் பெற்றது.

திங்கட்கிழமை கம்பத்தைப் பிடுங்கி, அயனிப் பக்கம் தள்ளி நட்டோம். ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, படம் தெளியவில்லை என்று அம்மா சொன்னாள். அது உண்மையும்கூட.

அதற்குப் பிறகு சில நாட்கள் கடந்து மீன்காரக்கா படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சருவத்தை இறக்கி வாழையிலையை விலக்கினாள். புள்ளி போட்ட உடம்பு, தடித்த உதடு. அம்மா அதைப் புரட்டிச் செவுளைப் பார்த்தாள், விலை கேட்டாள், அநியாயம் என்றாள். மீன்காரக்கா, கடல் கிடக்கிற கிடப்பில் இதற்குக் குறையாது என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் பழையபடி சண்டை போட்டார்கள்.

“டீவி எப்படி எக்கா? தமிழ் தெளிஞ்சு தெரியுதா?” என்று எழும்பும்போது கேட்டாள்.

“எங்க? இப்பவும் மழைதான்.”

“அது போட்டும். அவியளுக்கு இறுக்கமா உக்காருதாம்.”

சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் சரிவில் இறங்கினாள். அன்று காற்று பலமாக இருந்தது. நான் பின்பக்கம் போய் இழுகம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது, முறுக்கி இறுக்கினேன்.